காலி கேரியருக்கு யார் கூலி தருவார்?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. திண்டிவனத்திலிருந்து ராஜகிரி அடிவாரம் வரை தார் ரோடுதான். அதற்கு மேல் எந்த வண்டியும் ஏறாது, படிக்கட்டுதான்!

ஆனாலும் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கியவர்கள் பலர் கூரையில் கேரியர், பின்னால் ஏணி, முன்னால் இரும்பு பம்பர், முரட்டு டயர் என்று மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு, மைலேஜ் தரவில்லை என்று வண்டியைத் திட்டுகிறார்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 45 கிலோ கூடுதல் எடைக்கு மைலேஜ் சுமார் 1 சதவீதம் குறையும். கூரைமேல் பெரிய பெட்டி வைத்தாலோ நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை குறையும்! எடையைவிட அங்கே காற்றுதான் எதிரி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கேரியர் காலியாக இருந்தாலும் காற்று விடாது.

முரட்டு டயர் உருளவும் அதிக டீசல் கேட்கும். அதன் விட்டம் பெரிதானால் ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டும். மைலேஜ் கணக்கே தப்பாகிவிடும். இரும்பு பம்பரோ நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து. அதைத் தடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

செஞ்சி கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் வண்டியும் டீசலை அதிகம் குடிக்கத்தான் செய்யும். ஆனால் அது பிழைப்பு. சுமைக்குக் கூலி உண்டு. அழகுக்குச் சுமக்கும் காலி கேரியருக்கு? கழற்றி வீட்டில் வையுங்கள், தேவைப்படும் அன்று மாட்டிக்கொள்ளலாம்.