ஒரு ராத்திரி தூரம்

அந்தமானில் ரயில் கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து திக்லிப்பூருக்கு 240 கி.மீ. தண்டவாளம் போடும் யோசனை சில ஆண்டுகளுக்கு முன் மும்முரமாகப் பேசப்பட்டது, பேச்சோடு நின்றது. (போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. நாக்குக்கு அது இன்னும் பழகவில்லை.) ஆனாலும், ஐரோப்பாவில் இரவு ரயில்களை வைத்து நடக்கும் விவாதத்தை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டியவர்கள் இந்தத் தீவுக்காரர்கள்தான். மாலையில் கப்பலேறி, பங்க்கில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்து, விடியும்போது இன்னொரு தீவின் ஜெட்டியில் இறங்குவது இங்கே உல்லாசப் பயணம் அல்ல, பிழைப்பு. தமிழ்நாட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸும் நெல்லை எக்ஸ்பிரஸும் செய்கிற வேலையை இங்கே கப்பல் செய்கிறது. இரவில் தரைவழி என்று ஒன்று இங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா காப்புக்காட்டுக்குள் நுழையும் ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசைகட்டி, காவலோடு, பகலில் மட்டும்தான் விடுவார்கள். விமான நிலையமும் கடற்படைத் தளம் என்பதால் பயணிகள் விமானம் நெடுங்காலம் பகலோடு சரி. ஆக, இரவு கடலுக்கு உரியதாக இருந்தது.

ஐரோப்பாவில் நடந்தது என்ன? ஜெர்மனியின் அரசு ரயில் நிறுவனம் 2016 டிசம்பரில் தன் படுக்கை ரயில்களை அடியோடு நிறுத்தியது. அவற்றில் ஒரு பகுதியை ஆஸ்திரிய ரயில்வே எடுத்து 'நைட்ஜெட்' என்ற பெயரில் ஓட்டியது. விமானப் பயணத்தைப் பற்றிய குற்றவுணர்வு பரவியபோது எல்லோரும் இரவு ரயிலுக்கு வாழ்த்துப்பா பாடினார்கள். 2021இல் பாரிஸ்-வியன்னா, 2023இல் பாரிஸ்-பெர்லின் என்று ரயில்கள் மீண்டும் புறப்பட்டன. பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியது. 2025 டிசம்பரில் அந்த இரண்டு நைட்ஜெட்டும் நின்றன. பயணிகள் வராமல் நிற்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கணக்கு அப்படி. பகல் ரயிலின் இருக்கையை ஒரே நாளில் மூன்று நான்கு பேருக்கு விற்கலாம். படுக்கையை ஒருவருக்குத்தான் விற்க முடியும். ஏழு பெட்டி கொண்ட புது நைட்ஜெட்டில் 254 பேருக்குத்தான் இடம். நம் பழைய ஸ்லீப்பர் கோச் ஒன்றில் 72 பெர்த், ஏழு கோச்சில் 504. அத்தோடு ஒவ்வொரு நாட்டுத் தண்டவாளத்துக்கும் தனி வாடகை, நாட்டுக்கு நாடு வேறு மின்னழுத்தம், விரிப்புத் துவைக்கும் செலவு, ராத்திரிச் சம்பளம். எதிரே, எரிபொருளுக்கு வரி கட்டாமல் நாடு விட்டு நாடு பறக்கும் விமானம்.

ஆகவே, படுக்கைப் பயணம் டிக்கெட் வருமானத்தில் மட்டும் தன் காலில் நிற்காது. நம் ரயில்வே இதை ஒளிப்பதில்லை. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாகக் கிடைக்கிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்து நீட்டியது. சொல்லிக்காட்டுவது போல இருந்தாலும் அது உண்மைதான். தீவுக் கப்பல்களும் அப்படியே. தீவுவாசி அட்டை வைத்திருப்பவருக்குச் சலுகைக் கட்டணம். மீதியை அரசு ஏற்கிறது. இதை நட்டம் என்று எழுதுகிறவர்கள் சாலைக்கும் அதே நோட்டில் கணக்கு எழுதட்டும். எந்த மாநிலத்துக் கிராமச் சாலையும் போட்ட பணத்தைச் சம்பாதித்துத் தந்ததில்லை. யாரும் அதை மூடச் சொல்வதும் இல்லை. கார் நிக்கோபாருக்குச் சாலை கிடையாது. அங்கே கப்பல்தான் சாலை. அந்தச் சாலை மிதக்கிறது, அவ்வப்போது உலர்துறைக்குப் போகிறது என்பதுதான் வித்தியாசம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஐரோப்பியர் இரவு ரயிலுக்குச் சொல்லும் முதல் நியாயம் கரிப்புகை. அந்த நியாயத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். மின்சார ரயில் வேறு. ஆயிரக்கணக்கான டன் இரும்பை டீசலால் தள்ளிக்கொண்டு போகும் பயணிகள் கப்பல் வேறு. தலைக்கு இவ்வளவு எரிபொருள் என்று பார்த்தால் கப்பல் விமானத்தைவிடப் புண்ணியம் செய்கிறது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் கப்பலில் ஆள் மட்டும் போவதில்லை. நான்கௌரி என்ற கப்பல் 1,200 பேரோடு 1,500 டன் சரக்கையும் ஏற்றும் அளவுக்குக் கட்டப்பட்டது. தேங்காய், கொப்பரை, பாக்கு, அரிசி, காய்கறி, சிமெண்ட் எல்லாம் எப்படியும் கடலைத் தாண்டியாக வேண்டும். இவ்விடத்துக் கப்பலுக்கான நியாயம் தட்பவெப்பத்தில் இல்லை. மூட்டை முடிச்சோடு வரும் குடும்பத்துக்கு எடைக்கட்டணம் இல்லாமல் ஓர் இடம் கிடைப்பதில் இருக்கிறது. நாளை போக வேண்டும் என்றால் இன்றைக்கு விலை மூன்று மடங்காக ஏறாமல் இருப்பதில் இருக்கிறது.

இதனால் எல்லாக் கப்பலையும் நான் தூக்கிப்பிடிப்பதாக நினைக்க வேண்டாம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் கடல்வழியில் 1,190 கி.மீ. ஏறத்தாழ இதே தூரத்தை வியன்னாவிலிருந்து பாரிஸுக்கு நைட்ஜெட் ஒரே ராத்திரியில் கடந்தது. நம் கப்பலுக்கு அறுபது மணி நேரம். மூன்று இரவு என்பது தூங்கி எழும் பயணம் அல்ல. சம்பளம் போகும், விடுப்பு கரையும், அலையில் குடல் புரளும். வசதி வந்தவர் விமானத்துக்கு மாறினால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வழியில் கப்பல் ஏழைக்கும் சரக்குக்கும் மாற்று வழியாக இருக்கட்டும். அதைக் காவியமாக்க வேண்டாம். படுக்கைப் பயணத்தின் பலமெல்லாம் 'ஒரு ராத்திரி தூரம்' என்ற எல்லைக்குள் இருக்கிறது. 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கி.மீ. வேகத்தில் போகும் கப்பலுக்கு, 270 கி.மீ. தொலைவில் உள்ள கார் நிக்கோபார் பன்னிரண்டு மணி நேரம். பத்து டிகிரி கால்வாயைத் தூக்கத்திலேயே தாண்டிவிடலாம். லிட்டில் அந்தமானின் ஹட் பே இன்னும் கிட்டே. காம்ப்பெல் பே 540 கி.மீ.; நேராகப் போனாலே ஒரு முழு நாள், வழியில் நின்று போனால் மேலும் கூடும். அதைக்கூட இரண்டு ராத்திரிகளாகப் பிரித்து, நடுப்பகலில் கமோர்ட்டாவிலோ கச்சாலிலோ சரக்கு இறக்கினால் பயணிக்கு வீணாவது ஒரு பகல்தான்.

தனியாரிடம் விட்டால் என்ன, ஹேவ்லாக்குக்கு அதிவேகப் படகுகள் பறக்கவில்லையா என்று கேட்கலாம். பறக்கின்றன, சுற்றுலாப் பயணி இருக்கும் இடத்துக்கு. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி நிக்கோபாருக்கு வெளியார் அனுமதியின்றிப் போக முடியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சுற்றுலா இல்லாத வழியில், தென்மேற்குப் பருவக்காற்றில், ஆளில்லாத நாளிலும் படகு விட எந்த முதலாளி வருவார்? ஹெலிகாப்டர் இருக்கிறது, விரல்விட்டு எண்ணும் இருக்கைகளில் நோயாளிக்கு முதலிடம் போக மிச்சம் எவ்வளவு? 1970களில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களையும், 1969 முதல் காம்ப்பெல் பேயில் நிலம் பெற்ற முன்னாள் படைவீரர்களையும் அங்கே கொண்டுபோய் வைத்தது அரசு. சுனாமி ஜெட்டிகளை நொறுக்கிய பிறகும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மானியத்தைவிட எனக்கு உறுத்துவது கால அட்டவணை. இரவு ரயில் ஐரோப்பியருக்குப் பிடித்ததற்குப் படுக்கை மட்டும் காரணமில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குப் புறப்படும் என்று இன்றே தெரியும். தீவுக் கப்பல் எப்போது கிளம்பும் என்பதை அறிவிப்பு வரும்வரை காத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். வந்த அறிவிப்பும் மாறலாம். காற்றையும் மழையையும் யாரும் அட்டவணைக்குள் அடைக்க முடியாதுதான். ஆனால் 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 புயல் வரை, தனுஷ்கோடியில் போட் மெயில் ரயிலும் தலைமன்னார் போகும் கப்பலும் ஒன்றையொன்று அனுசரித்துத்தான் ஓடின, அதுவும் கடல்தான். நிக்கோபார் வழியில் நாள் தவறுவதற்கு வானிலையைவிடப் பெரிய காரணம், ஒரு கப்பல் பழுதுக்குப் போனால் அதன் இடத்தில் நிறுத்த இன்னொன்று இல்லாமை. வாரத்தில் இன்ன கிழமை மாலை கார் நிக்கோபாருக்கு என்று உறுதியாகச் சொல்ல, எப்போதும் கையிருப்பாக ஒரு கப்பல் நிற்க வேண்டும். பாதி நாள் சும்மா நிற்கும் அந்தக் கப்பலுக்கு நிதி ஒதுக்கச் சொல்லிக் கேட்பது, தணிக்கையாளருக்குப் பிடிக்காத கோரிக்கை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.