தலைவர் வரும் வரை பாடு!

ஆரணி பக்கம் எந்தக் கட்சிப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும் இதே கதைதான். நோட்டீஸில் மாலை 6 மணி என்று இருக்கும். தலைவர் வரும்போது 9 தாண்டியிருக்கும். நடுவில் உள்ள மூன்று மணி நேரம் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது யார்? ஒரு கீபோர்டு, ஒரு டோலக், ஒரு ரிதம் பேடு, இரண்டு பாடகர்கள்.

அவர்கள் பெயர் நோட்டீஸில் இருக்குமா? மூச்! வட்டம், ஒன்றியம், கிளைப் பிரதிநிதி என்று எல்லாரையும் அச்சடிக்க இடம் இருக்கிறது. பாடுகிறவர்களுக்கு மட்டும் 'எழுச்சிமிகு இன்னிசைக் கச்சேரி நடைபெறும்' என்று மொட்டையாக ஒரு வரி.

வெளிநாட்டிலும் பெரிய இசைக்குழு மேடையேறும் முன் ஒரு சின்னக் குழு பாடுவது வழக்கம். 1967-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸே 'தி மங்கீஸ்' குழுவுக்கு முன்னால் இப்படி வாசித்தவர்தான். கூட்டம் அவரைக் கண்டுகொள்ளவில்லை, சில நிகழ்ச்சிகளோடு கிளம்பிவிட்டார். அப்புறம் அவர் எங்கே போனார் என்பது உலகத்துக்கே தெரியும். அங்கே முன்னால் பாடியவன் நாளை முக்கியக் கலைஞன் ஆகலாம். இங்கே? முன்னால் பாடியவர் கடைசி வரை முன்னால் பாடுகிறவர்தான்.

"நாகூர் ஹனிபா இல்லையா?" என்பீர்கள். இருந்தார். அண்ணா, கருணாநிதி பேசிய மேடைகளில் அவர் குரலுக்காகவே கூட்டம் கூடியது. எம்.எல்.சி. ஆனார், வக்ஃபு வாரியத் தலைவர் ஆனார், 2015-ல் மறைந்தார். சரி, அடுத்த பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்... யோசிக்கிறீர்கள் அல்லவா? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

தேர்தல் வந்தால் இவர்கள் பாடு இன்னும் மோசம். ஆரணி மக்களவைத் தொகுதி என்றால் போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் என்று இரண்டு மாவட்டத்தைச் சுற்ற வேண்டும். வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே தூக்கம், பொட்டலச் சாப்பாடு, அடுத்த ஊர். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. தலைவர் ஒன்பதரைக்கு வந்தால் என்ன ஆகும்? சரணம் பாதியில் இருக்கும்போதே மைக்கைப் பிடுங்குவார்கள். தாமதம் தலைவருடையது, தண்டனை பாடகருக்கு!

"காசு வாங்கிக்கொண்டுதானே பாடுகிறார்கள்?" என்று ஒரு கேள்வி வரும். வாங்கியது முன்பணம் சார். மீதிக்கு எத்தனை நடை நடக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். எங்கள் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இதற்குப் பெயர் 'கொடுபட வேண்டிய செலவு'. ஆண்டு முடியும்போது அதையும் பொறுப்பாகக் காட்டியே ஆக வேண்டும். கட்சிக்காரர்கள் அகராதியில் அது 'அப்புறம் பார்க்கலாம்' :-)

பாட்டுக்குக் கூட்டம் உட்காராது என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே மாவட்டத்தில், திருவண்ணாமலையில் தமுஎச நடத்திய கலை இரவுகளில் சனம் விடிய விடிய உட்கார்ந்து கேட்டது. அங்கே பாட்டு, தலைவர் வரும் வரைக்குமான ஒட்டுத்துணி இல்லை. அதுவே நிகழ்ச்சி.

தறிக்காரர் ஊருக்கு இதைப் புரியவைக்கக் கஷ்டமே இல்லை. பாவு போடாமல் ஊடை ஓட்ட முடியுமா? மேடைக்குப் பாவு போடுகிறவர்கள் இவர்கள். நெய்தவன் பெயர் சேலையில் இல்லாமல் கடைப் பெயர் மட்டும் பையில் மின்னும் ஊரில், இந்த வலி நமக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நோட்டீஸில் குழுவின் பெயர். பாடும் நேரத்துக்கு ஒரு வரையறை, தாண்டினால் கூடுதல் பணம். தலைவர் மேடையை விட்டு இறங்கும் முன் மீதித் தொகை. எடுத்த பாட்டை முடிக்க இரண்டு நிமிடம்.

மூன்று மணி நேரம் மக்களைக் காக்க வைத்த தலைவர், இரண்டு நிமிடம் காத்திருந்தால் குடியா முழுகிவிடும்?