எந்த மரத்துக் கள்?

சென்ற ஞாயிறன்று 2,800 ரூபாய் கட்டிக் கள் குடித்தேன். திருவனந்தபுரத்திலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு மாலைக்குள் திரும்பும் ஒரு நாள் சுவைப் பயணம் அது. குளிரூட்டிய வேன், ஆங்கிலமும் மலையாளமும் பேசும் வழிகாட்டி, மூன்று நிறுத்தங்கள், கப்பையும் மீன்கறியும் கள்ளப்பமும், கூடவே கொஞ்சம் வரலாறு. நடத்துகிறவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் பண்பானவர்கள், நான் சொல்லவரும் குறையும் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. பதிவு நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

இத்தகைய பயணத்தின் மூல வடிவம் திராட்சை நாடுகளுக்கு உரியது. நம் நாட்டில் அது நாசிக்கில் வேர்பிடித்தது. சூலா நிறுவனம் அங்கே 2005இல் சுவைக்கூடம் ஒன்றைத் திறந்தது. இன்று மும்பைக்காரர்களும் புனேக்காரர்களும் வார இறுதியில் கோயிலுக்குப் போவதுபோல் அங்கே போகிறார்கள். கிண்ணத்தைச் சுழற்றுவதும் முகர்வதும் அந்த வடிவத்தின் மேற்பூச்சு. அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது: இது எந்தத் திராட்சை, எந்தச் சரிவில் விளைந்தது, எந்த ஆண்டில் பறித்தது என்று விருந்தினருக்குச் சொல்லியாக வேண்டும். பிரான்சு 1935இலேயே ஒயினின் பிறப்பிடப் பெயரைச் சட்டம் போட்டுக் காக்கத் தொடங்கியது.

கேரளம் அந்த வடிவத்தைத் தன் கள்ளுக்கு எடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. 2021இல் கள்ளுத் தொழில் வளர்ச்சி வாரியத்துக்கெனச் சட்டம் வந்தது. 2023-24ஆம் ஆண்டின் மதுக்கொள்கை, நட்சத்திர விடுதிகள் தம் வளாகத்துத் தென்னைகளில் கள் இறக்கி விருந்தினருக்குக் கொடுக்க வழி திறந்தது. கள் சுற்றுலாப் பொருளாகிவிட்டது. இனி அதைத் தடுக்க இயலாது, தடுக்க வேண்டியதும் இல்லை. திராட்சை நாட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம் என்பதுதான் என் கேள்வி.

முதல் நிறுத்தம் பூவாறுக்கு அருகே ஒரு தென்னந்தோப்பு. அறுபதை நெருங்கும் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். வழிகாட்டி அவரை 'நம்முடைய கலைஞர்' என்று அறிமுகப்படுத்தினார், பெயரைச் சொல்லவில்லை. அவர் மரமேறினார். பதினொரு கைப்பேசிகள் உயர்ந்தன, என்னுடையது உட்பட. மேலே அவர் பாளையை எலும்பால் தட்டிய ஓசை கீழே கேட்டது; பிறகு மெல்லிய சீவல் ஒன்று காற்றில் சுழன்று விழுந்தது. இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் இளநீர் குடிக்க நகர்ந்தபோது நான் அவரோடு நின்றேன். எல்லைப்புறத்து மனிதர், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வந்தன. "காலத்தக் கள்ளுதானே அண்ணே?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "ஆமா தம்பி. இப்பக் குடிச்சா இனிப்பு. மத்தியானம் நாக்குல முள்ளு குத்தும். அந்திக்கு இது வேற சாதனம். நாளைக்கு வினாகிரி." ஒரு முறை ஏறி இறங்கிக் காட்ட எவ்வளவு தருகிறார்கள் என்றும் கேட்டேன். முந்நூறு என்றார். தாம் ஏறும் காலம் முடிந்தால் இந்தத் தோப்பில் ஏற ஆளில்லை என்பதையும் சொன்னார். அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மகன் குவைத்தில் மின்பணியாளராக இருக்கிறானாம்.

அன்று நாள் முழுவதும் நான் கேட்டவற்றுள் உண்மையான சுவைப்பாடம் அந்த நான்கு வாக்கியங்களே. பாளையிலிருந்து சொட்டும் நீர் சர்க்கரை மிக்கது. கலயத்தில் தங்கியிருக்கும் ஈஸ்ட்டும் காற்றில் வரும் நுண்ணுயிரிகளும் அதை அக்கணமே பிடித்துக்கொள்கின்றன. மரமேறி கீழே வருமுன்பே புளிப்பு தொடங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு மதுவாகிறது. பிறகு புளிக்காடியாகும் வழியில் இறங்கிவிடுகிறது. ஒயினுக்கு ஆண்டு எப்படியோ அப்படித்தான் கள்ளுக்கு நாழிகை. ஆகவே கள்ளைச் சுவைத்து அறிய வேண்டுமானால் ஒரே மரத்துக் கள்ளைக் காலை, நண்பகல், அந்தி என மூன்று வேளை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று ஊர்களும் வேனும் தேவையில்லை. ஒரு தோப்பும், ஓலைக்கீற்று நிழலும், பொறுமையும் போதும். எங்கள் வழிகாட்டியோ வேறொரு நாட்டுச் சொற்களைக் கொண்டுவந்து, இதில் பச்சை ஆப்பிளின் வாசனை தெரிகிறதா என்று கேட்டார். கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு என்று வகைவகையாகப் பெயரிட்டு, முதிர்ந்த தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதோடு ஒப்பிட்டவர்களின் மொழியில் இதற்குச் சொல்லா கிடையாது?

இரண்டாம் நிறுத்தம் கள்ளுக்கடை. கறிகள் மிக நன்று. மிளகும் குடம்புளியும் தூக்கலாக, நெற்றி வியர்க்கும்படி இருந்தன. கள் மண்குடுவையில் வந்தது. "சற்றுமுன் பார்த்தீர்களே, அந்த மண்ணின் சுவை" என்றார் வழிகாட்டி. பின்கட்டில் கை கழுவப் போனபோது கேன்களை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞனிடம் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை: "சித்தூர்க் கள்ளு சேட்டா. வெளுப்பாங்காலத்துல வண்டி வந்துது."

பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த எல்லைப்பகுதி. கேரளத்தின் கள்ளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. தென் மாவட்டங்களின் கடைகளுக்கு அனுமதிச் சீட்டோடு இரவெல்லாம் வண்டி ஓடுகிறது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. இங்கே மரம் உண்டு, ஏற ஆளில்லை. அங்கே இன்னும் ஆள் உண்டு. சித்தூர்க் கள் தாழ்ந்தது என்றும் நான் கூறவில்லை. பூவாற்று மனிதரைக் காட்டிச் சித்தூர் மனிதரின் உழைப்பை ஊற்றிக் கொடுத்தார்கள் என்பதே என் மனக்குறை. ஒருவருக்குக் கைதட்டல் மட்டும் கிடைத்தது, மற்றவருக்கு அதுவும் இல்லை.

என் ஆய்வு வேணாட்டுச் சாசனங்களின் வரிச்சொற்களைப் பற்றியது என்பதை நண்பர்கள் அறிவார்கள். கி.பி. 849ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்தில் இருந்த கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் அளித்த கொடையைப் பதிவு செய்கிறது. அதன் இறுதியில் கூபி, பாலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையொப்பங்கள் இருப்பதைப் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியவை இரண்டு சிறிய சொற்கள்: தலைக்காணம், ஏணிக்காணம். பள்ளியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ஈழவர் குடிகளுக்கு இவ்வரிகள் தள்ளுபடி செய்யப்பட்டன. ஏணிக்காணம் என்பது மரமேறுகிறவன் தன் ஏணிக்குக் கட்டிய வரி. தமிழ்நாட்டுச் சோழர் கல்வெட்டுகளிலும் கள்ளிறக்குவோர் மீதான ஈழப்பூட்சி என்னும் வரி உண்டு. இன்றும் கேரளத்தில் கள்ளிறக்கும் மரத்துக்கு மரவரி கட்ட வேண்டும். மரத்தில் எண் எழுதப்பட்டிருக்கும். பூவாற்றுத் தென்னையிலும் அந்த எண்ணைக் கண்டேன்.

ஆக, எந்த மரம், எந்த ஏணி, எவன் கை என்பதை வரி வாங்குகிறவன் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐயமற அறிந்தே வந்திருக்கிறான். அதை அறியாமலே குடித்துவிட்டு எழுந்து போகிறவன் சுவைக்கிறவன் மட்டும்தான். நக்கீரனார் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் புறப்பாட்டில்கூட, அரசன் அருந்தும் மது யவனர் கொண்டுவந்தது என்று அதன் வழி சொல்லப்படுகிறது. கடல் கடந்து வந்த மதுவுக்குக் கிடைத்த அந்த மரியாதை நெய்யாற்றங்கரைக் கள்ளுக்கும் சித்தூர்க் கள்ளுக்கும் ஏன் கிடைக்கவில்லை?

விடை எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே அது இருக்கிறது.

என் பாட்டா விளவங்கோடு வட்டத்தில் பனையேறி. நெஞ்சிலும் முன்கைகளிலும் மரம் உரசிய காய்ப்பு, இறக்கும்வரை மறையவில்லை. அப்பா பள்ளி ஆசிரியரானார். பாளை அரிவாள், கடிப்பு, தளைநார், முருக்குத்தடி ஆகிய சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பாட்டா மறைந்தபின் அந்த அரிவாளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். சாதிப்பெயரோடு சேர்த்து அந்தச் சொற்களால் பள்ளியில் அடிபட்டவர் அவர். நாராயண குரு பிறந்த செம்பழந்தி, நான் படிக்கும் காரியவட்டம் வளாகத்துக்கு மிக அருகில் உள்ளது. 1921இல் அவர் தம் மக்களிடம் மதுவை உண்டாக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், அருந்தவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது வெறும் ஒழுக்க உபதேசம் அன்று. மரத்தில் கட்டிவைக்கப்பட்ட ஒரு சமூகத்தை இறங்கி வரச் சொன்ன அழைப்பு அது. அவ்வழைப்பு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். சுற்றுலாப் பயணி படமெடுப்பதற்காக எவர் பிள்ளையும் மரத்தில் தங்கிவிட வேண்டாம்.

ஆகையால், பாரம்பரியத்தைக் காப்போம் என்னும் கூக்குரலில் என்னால் சேர முடியவில்லை. அப்படிக் கூவுகிறவர்களில் மரமேறியவர் வீட்டார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். விரும்பி ஏறுகிறவருக்குப் பெயரும் தகுந்த கூலியும் காப்பீடும் வேண்டும் என்பது வேறு. கள்ளுத் தொழிலாளர் நலநிதிக்கு 1969இலேயே சட்டம் செய்த மாநிலத்தில் இதைக் கேட்பது மிகையாகாது.

பூவாறிலிருந்து திரும்பும் வழியில் உடன் வந்த சென்னைத் தம்பதியர், தமிழ்நாட்டில் இப்படியொரு பயணம் ஏன் இல்லை என்று கேட்டார்கள். களியக்காவிளை அருகில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை எல்லையின் இருபுறமும் ஒரே மாநிலம். ஒரே பனை, ஒரே பனையேறி. இன்று வடபுறத்தில் கள்ளுக்குக் கடை உண்டு, உரிமம் உண்டு. தென்புறத்தில் 1987 சனவரி 1 முதல் கள் தடை செய்யப்பட்டிருக்கிறது. அங்கே பனை மாநில மரம். அரசுக் கடையில் பிராந்தி கிடைக்கும். ஆனால் அக்கானிக் கலயத்தில் சுண்ணாம்பு பூச மறந்த பனையேறி குற்றவாளி ஆகலாம். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் தானே கள்ளாகிவிடும். சர்க்கரைக்கும் ஈஸ்ட்டுக்கும் எல்லைக்கோடு தெரியாது. இதைச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

குடியை அழகுபடுத்துகிறாய் என்று ஒரு நண்பர் எழுதக்கூடும். குடித்து அழிந்த வீடுகளை நானும் அறிவேன். 2010 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் நச்சுச் சாராயம் கலந்த கள்ளைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த மரத்துக் கள் என்ற கேள்வி சுவைஞனின் பகட்டு அல்ல என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அப்பாவிடம் பயணத்தை மறைக்க எண்ணியிருந்தேன், தொலைபேசியில் சொல்லிவிட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "புளிச்சுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப ராத்திரி வண்டியில வந்ததாத்தான் இருக்கும்" என்றார். பனையைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

பயண நிறுவனத்தார் மதிப்பீட்டுப் படிவம் அனுப்பியிருந்தார்கள். உணவுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். கருத்துப் பெட்டியில் எழுதியது இவ்வளவே: மரமேறுபவரின் பெயரை அவர் சம்மதித்தால் சொல்லுங்கள், முந்நூறு ரூபாய் போதாது, சித்தூர்க் கள் என்றால் சித்தூர்க் கள் என்றே ஊற்றுங்கள், ஒரே தோப்பில் காலை முதல் அந்தி வரை இருக்கும் பயணம் ஒன்று வைத்தால் நான் மறுபடி வருகிறேன், கூட ஒருவரை அழைத்துவரவும் முயல்கிறேன்.