கடலிலே மின்சாரம், கரையிலே கேள்வி

நிலக்கரி ஒருநாள் தீரும், எண்ணெய்க் கிணறும் ஒருநாள் வற்றும், அலை ஓயாது. ஓயாத அலையை உழைக்க வைத்தால் என்ன என்று விஞ்ஞானம் கேட்டது, செய்தும் காட்டிவிட்டது. வரவேற்கிறோம். ஆனால், வரவேற்பது வேறு. கண்மூடித் தலையாட்டுவது வேறு!

பிரான்சு நாட்டிலே, ரான்ஸ் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், கடல் ஏறி வற்றும் ஓதத்தின் விசையால் இயங்கும் மின் நிலையம் 1966-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 24 சுழலிகள், 2 லட்சத்து 40 ஆயிரம் கிலோவாட் திறன். உலகம் வியந்தது. ஆனால், அதைக் கட்டுவதற்காக ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் கழிமுகத்தையே கடலிலிருந்து அடைத்து வைத்தனர். உள்ளே வாழ்ந்த கடலுயிர்கள் பெரும்பாலும் மறைந்தன. அவை மீண்டும் தழைக்கச் சுமார் பத்தாண்டுகள் பிடித்தன.

தென் கொரியாவின் சிஹ்வா ஏரியிலே நடந்தது இதற்கு நேர் எதிர். கடலைச் சுவரால் அடைத்து 1994-இல் உண்டாக்கிய அந்த ஏரி கழிவால் கெட்டது. 2011-இல் அதே சுவரில் ஓதமின் நிலையம் அமைத்துக் கடல்நீரை உள்ளும் புறமும் பாயவிட்டனர். மின்சாரமும் கிடைத்தது, நீரும் முன்னினும் தெளிந்தது. ஒரே வகை இயந்திரம்! அங்கே நீரோட்டத்தை மறித்தனர், இங்கே திறந்துவிட்டனர்.

நம் நாட்டிலும், கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991-இல் 150 கிலோவாட் அலைமின் சோதனை நிலையம் நிறுவப்பட்டது. நாளை பெருந்திட்டங்கள் வரலாம். அப்போது சட்டம் என்ன சொல்லும்?

1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 200 கடல் மைல் வரை நீரிலும் நீரோட்டத்திலும் காற்றிலும் ஆற்றல் எடுக்கும் உரிமையைக் கரையோர நாட்டுக்குத் தருகிறது. கடற்சூழலைக் காக்கும் கடமையையும் கூடவே சுமத்துகிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 297-ஆம் பிரிவு, கடலடிச் செல்வத்தை மத்திய அரசின் உடைமையாக்குகிறது. கரையோரக் கடலின் மீன்பிடிப்போ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. செல்வத்துக்கு உரியவர் டில்லியில். மீனுக்குப் பொறுப்பானவர் மாநிலத் தலைநகரில். தலைமுறை தலைமுறையாய் அங்கே வலை வீசும் மீனவருக்கோ, அந்த நீருக்குப் பட்டா ஏது? பத்திரம் ஏது?

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பவை மூன்று. திட்டத்துக்கு அனுமதி தருமுன் கரையோர மக்களைக் கேட்டாக வேண்டும். நீரோட்டம் மறிபடாமல் வேலை நடத்த வேண்டும். தொழில் இழக்கும் நாளுக்குரிய ஈடு, சலுகையாக அன்றி உரிமையாகச் சட்டத்திலே எழுதப்பட வேண்டும்.

நகரத்திலே விளக்கு எரிவதற்காக, மீனவர் குப்பத்திலே அடுப்பு அணையலாமா?