ஹார்மோன் மாத்திரை பலிக்கவில்லையா? வாய் திறந்து சொல்லுங்கள்!

"டிரசர் ஐயா, இந்த மாத்திரை ஒண்ணுக்கும் உதவல" என்று ஒரு தாய் மருந்து அட்டையை என் மேசைமேல் வைத்தார். தூரம் நின்றபின் உடம்பு திகுதிகுவென எரிகிறது, இரவில் வியர்த்துத் தூக்கம் கெடுகிறது என்பதற்காக டாக்டர் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அது. ஆரம்பத்தில் நல்ல குணம் தெரிந்தது. பிறகு பழைய எரிச்சலே திரும்பிவிட்டது. வீட்டிலோ, "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிட்டார்களாம்.

வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "காசநோய்க்கு" என்றார். லயத்தில் தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்களே என்ற பயம். ஹார்மோன் கொடுத்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

தோழர்களே, அது மனப்பிரமை அல்ல. பெரட்டில் நிற்காமல் யாரும் வேலைக்காட்டுக்குப் போக முடியாதல்லவா? அதுபோல, விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. அங்குள்ள என்சைம் என்னும் நொதிகள் ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதியை உருமாற்றிவிடும். மிச்சந்தான் உடம்புக்கு. இதையும் கணக்கிட்டே டாக்டர் அளவு கொடுக்கிறார்.

சிறுநீரைச் செம்மஞ்சளாக்குமே ரிஃபாம்பிசின், அந்தக் காசநோய் மருந்து இந்த நொதிகளைப் பெருக்கிவிடும். வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின், கார்பமாசெபின் மருந்துகளும் அப்படியே. ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடிவதுபோல், ஹார்மோனும் சீக்கிரம் தீர்ந்துபோகும். கர்ப்பத் தடை மாத்திரைக்கும் இதே கதிதான். இளம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரிஃபாம்பிசினை முடித்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த வேகம் அடங்காது.

அதற்காகக் காசநோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து! ஹார்மோன் மாத்திரையை இரண்டிரண்டாக விழுங்கவும் வேண்டாம். மாத்திரை ஈரல் வழியாகப் போகும்போது இரத்தத்தை உறையவைக்கும் சத்துகள் கூடுகின்றன. காலில் இரத்தக் கட்டி ஏற்படும் அபாயமும் சற்றுக் கூடும். தோலில் ஒட்டும் ஹார்மோன் பிளாஸ்டர் ஈரலுக்குப் போகுமுன் நேரே இரத்தத்தில் கலப்பதால் அந்த அபாயம் குறைவு. ஆனாலும் அந்த மருந்துகள் பிளாஸ்டரின் பலத்தையும் ஓரளவு குறைக்கலாம். எது சரி என்று டாக்டர் முடிவு செய்யட்டும். மஞ்சள் காமாலையோ வேறு ஈரல் நோயோ வந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குற்றம் அந்தத் தாயுடையது என்று நான் சொல்லமாட்டேன். நோயை மறைக்க வைத்தது நம்முடைய ஏச்சும் பேச்சும். கேட்காமல் மருந்து கொடுத்தது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களின் தவறு. கேட்பது எங்கள் கடமை. சொல்வது உங்கள் உரிமை.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, ஜாமு, நாட்டு மருந்து உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆண்களே, வீட்டுப் பெண்கள் உடம்பு எரிகிறது என்றால், மனப்பிரமை என்று வாயடைக்காதீர்கள். கூடவே போய் வாருங்கள்!