புலிக்கு ஒரு நீதி, ஆய்வகத்துக்கு ஒரு நீதியா?

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கரும்பட்டைப் புலிகள் அதிகம். காரணத்தை 2021இல் பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் ஆய்வுக்குழு விளக்கியது. வெளிப்புலிகளோடு தொடர்பு அறுந்து, சிறு கூட்டத்துக்குள்ளேயே இணைசேர்ந்ததால், அரிதான ஒரு மரபணு மாற்றம் அங்கே பெருகிவிட்டது. அருமையான ஆய்வு. என் கேள்வி வேறு: இத்துறையின் ஆய்வகங்களுக்குள் யாரால் நுழைய முடிகிறது?

காட்டுயிர் மரபணுவியலில் பேராசிரியராகும் பாதையைப் பாருங்கள். முதலில் சம்பளமில்லாத களப்பயிற்சி. பிறகு ஐந்தாறு ஆண்டு பிஎச்.டி, தொடக்க உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அதுவும் மாதாமாதம் வராது. பிறகு வெளிநாட்டில் போஸ்ட்டாக். நானும் ஆய்வு மாணவன்தான். பணம் நான்கு மாதம் தாமதமானால், சிலர் வீட்டுக்குப் போன் போட்டு வாடகைப் பணம் கேட்கிறார்கள். எங்களுக்கோ வீட்டிலிருந்து பணம் கேட்டுப் போன் வருகிறது.

இதையும் தாண்டி வந்தால் வாசலில் சட்டமே மறிக்கிறது. ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அதன் 4ஆம் பிரிவில் சில உயர் ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. பட்டியலில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மேலே சொன்ன பெங்களூரு மையம் அதன் அங்கம்.

கேட்டால் ‘தகுதி’ என்பார்கள். புலியின் எச்சத்தைக் காட்டில் தேடிக் கண்டுபிடிக்காமல் டிஎன்ஏ ஏது? அதைக் கண்டெடுப்பவர்களில் பலர் பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்கள், வழிகாட்டிகள். அந்த அறிவுக்குக் கிடைப்பது நன்றியுரையில் ஒரு வரி. 2024 ஜூனில் தேசியப் புலிகள் காப்பக ஆணையம், காப்பகங்களின் மையப்பகுதியில் உள்ள 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை வெளியேற்றும் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. எச்சம் வேண்டும், எடுத்துத் தந்தவர் வேண்டாம்!

அகமணமே சாதியின் அடிப்படை என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை நிறுவியது. அப்போது அவர் 25 வயது ஆய்வு மாணவர். தனித்து ஒடுங்கிய கூட்டம் நலியும் என்று புலிக்குச் சொல்லும் அறிவியல், தன் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு அதற்குத் ‘தரம்’ என்று பெயர் வைக்கிறது.

நாம் கேட்பது சலுகை அல்ல. 4ஆம் பிரிவை நீக்குங்கள். ஒவ்வொரு ஆய்வகமும் தன் ஆசிரியர், மாணவர்களின் சமூகப் பிரிவு விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடட்டும். களப்பயிற்சிக்குச் சம்பளம் கொடுங்கள். காடறிந்தவர் பெயரை ஆசிரியர் வரிசையில் சேருங்கள்.

புலிக்கு வழித்தடம் கேட்பவர்களே, எங்கள் பிள்ளைகளுக்கும் வழி விடுங்கள்.