உடலில் கரையும் கருவிகளும் குடாநாட்டின் கடமையும்

யுத்தம் 2009 ஆம் ஆண்டில் ஓய்ந்துவிட்ட போதிலும் அதன் எச்சங்கள் வடபகுதி மக்களின் உடல்களை விட்டு இன்னமும் நீங்கவில்லை. முறிந்த எலும்பைப் பொருத்த வைக்கப்பட்ட உலோகத் தகடுகளைச் சுமந்தபடி வாழ்வோரும், 1987 இல் தொடங்கப்பட்ட யாழ். ஜெய்ப்பூர் நிலையத்தின் செயற்கைக் கால்களுடன் நடமாடுவோரும் நம்மிடையே பலர். மருத்துவ மின்னணுவியலில் இன்று ஏற்பட்டுவரும் ஒரு மாற்றத்தை இவர்களின் கண்கொண்டு நோக்குவது அவசியமாகும்.

அழுத்தும்போது மின்னைப் பிறப்பிக்கும் பொருட்களைப் பியர் கியூரியும் அவரது சகோதரரும் 1880 இல் கண்டறிந்தனர். நமது எலும்பிலும் இப்பண்பு உண்டு என 1957 இல் ஜப்பானிய ஆய்வாளர்களான புக்காடாவும் யசுடாவும் நிறுவினர். ஆயினும் கருவிகளில் இதுவரை பெரிதும் பயன்பட்டது ஈயம் கலந்த மட்பொருளே. ஈயம் நச்சுத்தன்மை வாய்ந்தது. அத்துடன், உடலில் நிலைத்து நிற்கும் கருவியை அகற்ற இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படுவதும் உண்டு.

இதற்கு மாற்றாகவே உடலில் தானாகக் கரையும் பொருட்கள் ஆராயப்படுகின்றன. கரையும் தையல் நூல்களிலும் எலும்புத் திருகாணிகளிலும் பயன்படும் பொலிலக்டிக் அமிலம் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் தான் நுயென் தலைமையிலான குழுவினர், இப்பொருளாலான அழுத்த உணரியை 2018 இல் சுண்டெலியின் உடலினுள் பொருத்திச் சுவாச அசைவை அளந்தனர். 2022 இல் முயல்களின் முழங்காலில் இதன் நுண்ணிழைச் சட்டகத்தை வைத்து அவற்றுக்கு நடைப்பயிற்சி அளித்தபோது, அசைவில் பிறந்த சிறு மின்னே குருத்தெலும்பு மீள வளரத் தூண்டியமை புலனாயிற்று. மின்கலமும் வேண்டியதில்லை, மீண்டும் கத்தி வைக்க வேண்டியதுமில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு கொல்கத்தாவில் நடந்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் மீன் செதிலிலுள்ள கொலாஜன் புரதத்தைக் கொண்டு மின்பிறப்பாக்கி ஒன்றை அமைத்தனர். விரலால் தட்டியே 50 இற்கும் மேற்பட்ட சிறு மின்விளக்குகளை அதனால் ஒளிரச் செய்ய முடிந்தது. குருநகரிலும் பாசையூரிலும் நாளாந்தம் குப்பைக்குப் போகும் செதில், ஆய்வுகூடத்தில் மூலப்பொருளாகின்றது.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. மருத்துவத்தில் பயன்படும் கொலாஜனும் ஜெலற்றினும் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ பெறப்படுகின்றன. உயிர்காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் சலுகை அளிப்பதாக உலமாக்கள் பலர் விளக்கியுள்ள போதிலும், முஸ்லிம் நோயாளியின் மனம் சஞ்சலப்படுவது இயல்பே. மாட்டிலிருந்து பெற்ற பொருளையிட்டுச் சைவ மக்களுக்கும் அத்தகைய தயக்கம் உண்டு. மீனிலிருந்து பெறப்படும் பொருளில் இவ்விரு தயக்கங்களுக்கும் இடமில்லை.

எனினும் மிகையான எதிர்பார்ப்பு கூடாது. மேற்சொன்னவை விலங்குப் பரிசோதனைகளும் ஆய்வுகூட முயற்சிகளுமே. இயற்கைப் பொருட்கள் தரும் மின்னின் அளவு மட்பொருளினதை விடக் குறைவு. கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் எளிதன்று. உடலில் வைக்கும் கருவி பாவனைக்கு வரப் பல ஆண்டுகள் செல்லலாம். ஆனால், செயற்கைக் காலின் குழிவில் எழும் அழுத்தத்தை உணர்ந்து, புண் உண்டாகுமுன் எச்சரிக்கும் அணியத்தக்க உணரி போன்றவை அவ்வளவு தொலைவில் இல்லை.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளுக்கே நமது வைத்தியசாலைகள் தவித்ததை மறந்துவிட முடியாது. இப்புதிய கருவிகளும் இறக்குமதியாக மட்டுமே வருமாயின், அவை அதிகம் தேவைப்படும் ஏழை மக்களுக்கு எட்டாக்கனியாகிவிடும். யாழ். பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, மருத்துவ பீடங்களும், கிளிநொச்சியிலுள்ள பொறியியல் பீடமும், போதனா வைத்தியசாலையும் இவ்விடயத்தில் ஒரே மேசையில் அமர வேண்டும். செதிலிலிருந்து கொலாஜனைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பதும், ஜெய்ப்பூர் நிலையத்தை நாடுவோரின் தேவைகளைக் கேட்டறிவதும் முதற்படியாகலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த உறவுகளின் சிறு ஆதரவே போதும்.

காயம் பட்டவர்கள் நம்மவர்கள். மருந்துக்கான மூலப்பொருள் நமது கடற்கரையில் கிடக்கின்றது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பைப் பிறர் தலையில் சுமத்துவது முறையாகாது.